இருமொழி பேசும் மாளிகை

நுழையும்முன்

ஒரு நகரத்தின் வரலாறு அரசாணைகளிலும் போர்க் குறிப்புகளிலும் மட்டும் அடங்கிவிடுவதில்லை. ஒரு தெருவின் அமைப்பும், ஒரு வீட்டின் தூணும், தனிமனிதர் ஒருவர் நாள்தோறும் எழுதிவைத்த ஏடும் அவ்வரலாற்றைச் சொல்லும். புதுச்சேரியின் ரங்கப்பிள்ளை வீதியில் நிற்கும் ஆனந்தரங்கர் மாளிகை அத்தகைய வீடு. அவர் எழுதிய நாட்குறிப்பு அத்தகைய ஏடு. ஒரு பகற்பொழுதில் அவ்வீட்டைக் கண்டுவரும் பயணத்தை இக்கட்டுரை காட்டுகிறது.

கரையோரப் பயணம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரி ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. விடியலில் பேருந்து ஏறும் பயணி, வெயில் கடுக்கும் முன்னரே அந்நகரை அடைந்துவிடலாம். மாமல்லபுரத்தைக் கடந்து, பாலாறு கடலோடு கலக்கும் இடத்தையொட்டிய பாலத்தைத் தாண்டினால், சாலையின் இருபுறமும் காட்சி மாறுகிறது. மரக்காணத்தை நெருங்கும்போது உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கின்றன. வரப்பின்மேல் குவிக்கப்பட்ட உப்பு, காலை வெயிலில் கண் கூசும்படி வெளுத்திருக்கிறது.

இக்கடற்கரைக்கு அயல்நாட்டுக் கப்பல்கள் புதியவை அல்ல. புதுச்சேரிக்குத் தெற்கே, ஆற்றங்கரையில் அமைந்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், உரோமானியரோடு நடந்த வணிகத்துக்குச் சான்றான மட்கலங்கள் கிடைத்தன. பிரெஞ்சுக்காரர் பதினேழாம் நூற்றாண்டில் இங்கே பண்டகசாலை அமைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, கடல் கடந்து வந்தவரோடு பேசவும் பேரம் செய்யவும் இக்கரையோர மக்கள் கற்றிருந்தனர். வருவோர் மொழியையும் உள்ளூர் மொழியையும் இணைக்கும் மனிதர் எக்காலத்தும் இங்குத் தேவைப்பட்டிருக்கிறார். அத்தகைய மனிதர் ஒருவரின் வீட்டைத்தான் பயணி காணச் செல்கிறார்.

கடலை நோக்கிய நகரம்

புதுச்சேரிக்கு வருவோர் முதலில் நாடுவது கடற்கரைச் சாலையையே. ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலையின் ஒருபுறம் கருங்கற்கள் குவிந்த கரையில் அலை மோதுகிறது. மறுபுறம் வெள்ளையும் மஞ்சளுமாய்ச் சுவர்கள் உயர்ந்து நிற்கின்றன. செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்ட கற்றூண்கள் சூழக் காந்தியடிகளின் சிலை நிற்கிறது. அருகில் 1836ஆம் ஆண்டின் பழைய கலங்கரை விளக்கம். அதற்குப் பின்னால் நேர்க்கோடுகளாகச் செல்லும் தெருக்களில் உயர்ந்த மதில்களும், அவற்றின்மேல் படர்ந்து தொங்கும் காகிதப்பூக் கொடிகளும், பெரிய மரக் கதவுகளும் காணப்படுகின்றன. பயணிகள் இவற்றின்முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். பிரெஞ்சு நகரம் ஒன்று காலத்தால் மாறாமல் அப்படியே இருக்கிறது என்னும் எண்ணம் அவர்களுக்கு எளிதில் தோன்றுகிறது.

அவ்வெண்ணம் முழுமையானதன்று. துய்ப்ளே என்னும் ஆளுநர் வாழ்ந்த புதுச்சேரியில் இக்கட்டடங்கள் இல்லை. 1758ஆம் ஆண்டில் கடலூரை அடுத்திருந்த ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுப் படை கைப்பற்றி இடித்தது. காலச்சக்கரம் விரைந்து சுழன்றது. நெடுநாள் முற்றுகைக்குப் பின், 1761 சனவரி 16 அன்று புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. வென்றவர்கள் கோட்டையையும் ஐரோப்பியர் வாழ்ந்த பகுதியையும் திட்டமிட்டுத் தகர்த்தனர். 1763ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கைக்குப் பின், 1765இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது இடிபாடே. இன்று கடலோரத்தில் காணப்படும் அழகிய வீதிகள் அவ்விடிபாட்டின்மேல் மீண்டும் எழுப்பப்பட்டவை.

அவ்வாறாயின், துய்ப்ளே காலத்துப் புதுச்சேரியைக் காண விரும்பும் பயணி எங்கே செல்லவேண்டும்? கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கு நோக்கி நடக்கவேண்டும்.

வாய்க்காலைத் தாண்டி

நகரின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு வாய்க்கால் செல்கிறது. கடலுக்கும் வாய்க்காலுக்கும் இடைப்பட்டது ஐரோப்பியர் வாழ்ந்த பகுதி. வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதி. வாய்க்காலைக் கடந்ததும் வீடுகளின் இயல்பு வேறாகிறது. அங்கே மதில் வீட்டை மறைத்தது. இங்கே திண்ணை தெருவை வரவேற்கிறது. வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கவும், அண்டை வீட்டார் அமர்ந்து பேசவும், வணிகர் கணக்குப் பார்க்கவும் பயன்பட்ட திண்ணைகள் அவை. திண்ணையின் முன்னே ஓட்டுச் சாய்ப்பைத் தாங்கும் தூண்களோடு தாழ்வாரம் அமைந்திருக்கிறது. கதவு திறந்திருக்கும் வீட்டின் உள்ளே பார்த்தால், நடையைக் கடந்து முற்றத்தின் வெளிச்சம் தெரிகிறது.

வைசியாள் வீதி போன்ற சில தெருக்களில் இவ்வகை வீடுகள் வரிசையாகப் பேணப்பட்டுள்ளன. பல வீடுகளில் கீழ்ப்பகுதி தமிழ்முறையிலும் மேல்மாடி பிரெஞ்சு முறையிலும் அமைந்திருப்பதைக் கூர்ந்து நோக்கும் பயணி காணலாம். தம் வாழ்வின் அடித்தளத்தைத் தம் முறைப்படி வைத்துக்கொண்டு, அயலாரிடமிருந்து கற்றதை அதன்மேல் அமைத்துக்கொண்டது இந்நகர மக்களின் வழக்கம். அவ்வழக்கத்தின் பழைய சான்றுகளுள் ஒன்றுதான் ரங்கப்பிள்ளை வீதி மாளிகை.

மரத்தூணும் வெண்தூணும்

பெரிய மார்க்கெட்டின் இரைச்சல் கேட்கும் தொலைவில் இருக்கிறது அம்மாளிகை. மீன் விற்போர் குரலும், பூக்கடைகளின் மணமும், வண்டிகளின் நெருக்கடியும் சூழ்ந்த அவ்வீதியில், அறியாதவர் அதைக் கடந்து சென்றுவிடக்கூடும். முன்கூட்டியே இசைவு பெற்றுச் செல்வோர் உள்ளே காண்பது வேறோர் உலகம்.

1738ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டதாகக் கூறப்படும் இம்மாளிகையின் கீழ்த்தளம் தமிழர் வீடு. நடுவில் முற்றம், அதைச் சுற்றிச் செதுக்கு வேலைப்பாடு மிக்க மரத்தூண்கள். முற்றத்தில் விழும் ஒளி தூண்களின் மெருகில் பட்டுக் கூடத்தின் உட்புறம்வரை மெல்லப் பரவுகிறது. வெளியே நண்பகல் வெயில் காய்ந்தாலும் உள்ளே குளிர்ச்சி நிலவுகிறது. படியேறி மேல்தளத்தை அடைந்தால், மரத்தூண்கள் இருந்த நிலைக்கு நேரே செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பப்பட்ட வெண்ணிறத் தூண்கள் நிற்கின்றன. அவை ஐரோப்பியப் பாணியில் அமைந்தவை. ஒரே முற்றத்தைச் சுற்றிக் கீழே ஒரு மொழியும் மேலே மற்றொரு மொழியும் பேசும் கட்டடம் இது.

கட்டியவரின் தொழிலை அறிந்தால் இவ்வமைப்பு வியப்பளிக்காது. இரு மொழி அறிந்து, இரு தரப்பாரிடையே பேசுபவரைத் துபாசி என்பர். ஆனந்தரங்கர் பிரெஞ்சு ஆட்சியின் தலைமைத் துபாசி.

இடையில் நின்றவர்

1709ஆம் ஆண்டு சென்னைப் பெரம்பூரில் ஆனந்தரங்கர் பிறந்தார். தந்தை திருவேங்கடம் ஒரு வணிகர். புதுச்சேரியில் செல்வாக்குப் பெற்றிருந்த உறவினர் நைனியப்பரின் அழைப்பை ஏற்று அக்குடும்பம் அங்குக் குடியேறியது. அந்நைனியப்பரின் வாழ்வு இளைய தலைமுறைக்கு ஓர் எச்சரிக்கையாகவே அமைந்தது. பிரெஞ்சு ஆட்சியில் உயர்ந்த நிலையில் இருந்த அவர், 1716இல் அதே ஆட்சியால் சிறையிலிடப்பட்டு அங்கேயே உயிர் துறந்தார். அவர்மீது சாற்றப்பட்ட குற்றம் நிலைக்காது என்பது அவர் மறைந்த பின்னரே ஏற்கப்பட்டது. ஆட்சியாளர்க்கு நெருக்கமான இடம் எத்துணை உயரமானதோ அத்துணை ஆபத்தானது என்பதை அறிந்தே ஆனந்தரங்கர் வளர்ந்தார்.

துய்ப்ளே 1742இல் ஆளுநராக வந்தார். தலைமைத் துபாசியாக இருந்த கனகராய முதலியார் 1746இல் மறைந்தபின், அப்பொறுப்பு ஆனந்தரங்கரை வந்தடைந்தது. மொழிபெயர்ப்பது மட்டும் அவர் பணியன்று. வணிகரோடு துணிக்கு விலை பேசுவதும், நவாபுகளிடமிருந்து வரும் மடல்களின் உட்பொருளை விளக்குவதும், ஊரார் வழக்குகளைத் தீர்த்துவைப்பதும் அவர் கடமைகள். அவரே பெருவணிகருமாவார், ‘ஆனந்தப் புரவி’ என்னும் சொந்தக் கப்பல் அவருக்கு இருந்தது. அவருடைய பாக்குக் கிடங்கு வணிகம் நடக்கும் இடமாக மட்டுமன்றி, ஊர்ச் செய்திகள் வந்து சேரும் இடமாகவும் விளங்கியது.

நாளும் எழுதிய ஏடு

இத்தனை அலுவல்களுக்கும் நடுவே அவர் செய்த ஒரு செயலே அவரை இன்றும் நினைக்கச் செய்கிறது. 1736ஆம் ஆண்டு, தம் இருபத்தேழாம் வயதில் அவர் ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினார். கண்டதையும் கேட்டதையும் கப்பல்களின் வரவு போக்கையும் எழுதப்போவதாக அதன் தொடக்கத்தில் குறித்தார். 1761இல் இறக்கும் காலம் வரை, இருபத்தைந்து ஆண்டுகள் அவர் அதனை எழுதினார்.

அந்நாட்குறிப்பின் தமிழ் புலவர் தமிழன்று. வணிகர் கணக்கிலும் ஊர்ப் பேச்சிலும் புழங்கிய தமிழ். பாரசீகம், தெலுங்கு, போர்ச்சுகீசியம், பிரெஞ்சு எனப் பல மொழிச் சொற்கள் அதில் தயக்கமின்றிக் கலந்துள்ளன. துறைமுகத்தில் ஒலித்த பேச்சு ஏறத்தாழ அவ்வாறே ஏட்டில் இறங்கியிருக்கிறது. கப்பல் கொண்டுவந்த சரக்கு, நாணயங்களின் மதிப்பு, விருந்துகளும் ஊர்வலங்களும், குற்றங்களுக்கு அளிக்கப்பட்ட தண்டனை, மரங்களை வேரோடு சாய்த்த பெருங்காற்று ஆகிய யாவும் அதில் இடம்பெறுகின்றன. 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியதும், அதனைத் தொடர்ந்து கடற்படைத் தலைவர் லா பூர்தொனேவுக்கும் துய்ப்ளேவுக்கும் இடையே மூண்ட பகையும் அருகிருந்து அறிந்தவரின் நுணுக்கத்தோடு பதிவாகியுள்ளன.

ஆங்கிலேயரான சாமுவேல் பெப்பிசு 1660 முதல் 1669 வரை எழுதிய நாட்குறிப்பு உலகப் புகழ் பெற்றது. அவரோடு ஒப்பிட்டே ஆனந்தரங்கரை ‘இந்தியாவின் பெப்பிசு’ என்பர். கால அளவை நோக்கினால் ஆனந்தரங்கரின் உழைப்பு நெடியது.

காண்பவரின் வலிமையும் எல்லையும்

ஆனந்தரங்கர் குறையற்ற சான்றாளர் அல்லர். தம் பெருமையைத் தாமே விரித்துரைக்கும் இடங்கள் நாட்குறிப்பில் உண்டு. போட்டியாளர்மீது கொண்ட கசப்பு வெளிப்படும் இடங்களும் உண்டு. அக்காலச் சமூக ஏற்றத்தாழ்வுகளை அவர் இயல்பென ஏற்றே எழுதுகிறார். சோதிடத்தில் அவர் கொண்ட நம்பிக்கையும் மறைவின்றித் தெரிகிறது. எளிய மக்களின் வாழ்வைச் செல்வரின் திண்ணையிலிருந்து பார்த்த பார்வை அது என்பதை மறந்து படிப்பது முறையாகாது.

அவருடைய அதிகாரத்துக்கும் எல்லை இருந்தது. 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த வேளையில், நகரின் வேதபுரீசுவரர் கோயில் ஆட்சியினரால் இடிக்கப்பட்டது. ஊரார் கலங்கினர். தலைமைத் துபாசியாக இருந்தும் அதனைத் தடுக்க அவரால் இயலவில்லை. ஆளுநரின் சொல்லை ஊராருக்கும் ஊராரின் சொல்லை ஆளுநருக்கும் எடுத்துச் செல்பவரின் குரல், முடிவெடுக்கும் வேளையில் எடுபடாமற் போயிற்று. அவரால் இயன்றது ஒன்றே. நிகழ்ந்ததை மனவேதனையோடு எழுதிவைத்தார்.

எழுதிவைப்பது சிறிய செயல்போலத் தோன்றலாம். எனினும், அன்றைய புதுச்சேரியைப் பற்றிய ஆவணங்களுள் பெரும்பகுதி கும்பினியின் அலுவலர்கள் தங்கள் மேலிடத்துக்கு எழுதியவை. அவற்றில் ஊரார் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே வருகின்றனர். அவர்கள் அஞ்சியதும் முறையிட்டதும் முணுமுணுத்ததும் தமிழில் எழுதப்பட்ட இந்த ஏட்டினால்தான் இன்று நமக்குக் கேட்கின்றன. கோயில் இருந்த இடம், அது இழக்கப்பட்ட நாள், அன்று மக்கள் அடைந்த துயரம் ஆகியவற்றை அந்நகரத்துத் தமிழர் ஒருவரே எழுதியிருப்பது அந்நாட்குறிப்பின் அரிய பயன்.

பின்னாளில் மீண்டும் எழுப்பப்பட்ட வேதபுரீசுவரர் கோயில் ஈசுவரன் தர்மராசா கோயில் வீதியில் இன்று வழிபாட்டில் இருக்கிறது. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார் குடியிருந்த வீடும் அதே வீதியில் நினைவில்லமாக உள்ளது. மாளிகையைக் கண்ட பயணி அவ்வீதிக்கும் நடந்தே சென்று வரலாம்.

ஏடு பிழைத்த கதை

துய்ப்ளே 1754இல் பிரான்சுக்குத் திரும்பியபின் ஆனந்தரங்கரின் செல்வாக்குக் குன்றியது, உடலும் நலிந்தது. 1761 சனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிக்கொண்டிருந்த நாள்களில் அவர் காலமானார். அவர் அறிந்த நகரமும் அவரோடு ஏறத்தாழ ஒருசேர மறைந்தது.

நாட்குறிப்பு எழுதும் வழக்கம் அவரோடு முடியவில்லை. அவர் குடும்பத்தைச் சேர்ந்த ரங்கப்பத் திருவேங்கடம் பிள்ளை அதனைத் தொடர்ந்தார். பின்னர் வீராநாயக்கர் போன்றோரும் இந்நகரில் நாட்குறிப்புகள் எழுதினர். ஆனந்தரங்கரின் ஏடுகளோ நெடுங்காலம் அவர் வழியினரின் வீட்டிலேயே உறங்கின. 1846இல் பிரெஞ்சுக்காரரான கலுவா மொம்பிரேன் அவற்றைக் கண்டறிந்து படியெடுக்கச் செய்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசு அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. இடைப்பட்ட சில பகுதிகள் கிடைக்கவில்லை. தமிழில் எழுதப்பட்ட நூல், ஆங்கிலத்தின் வாயிலாகவே முதலில் பரவலாக அறியப்பட்டது.

பிற்காலத் தமிழ் இலக்கியத்துக்கும் அது ஊற்றாயிற்று. புதுச்சேரியைச் சேர்ந்த எழுத்தாளர் பிரபஞ்சன் அந்நாட்குறிப்பின் உலகிலிருந்து ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ ஆகிய புதினங்களைப் படைத்தார். இரண்டாவது நூலுக்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஏடு மூலையில் கிடந்து செல்லரித்திருந்தால் இவற்றுள் எதுவும் நமக்குக் கிடைத்திராது.

காக்கவேண்டியவை

மாலையில் கடற்கரைச் சாலைக்குத் திரும்பும் பயணி, அங்கே மேரி என்று வழங்கப்படும் நகராட்சிக் கட்டடத்தைக் காண்பார். பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த மூலக் கட்டடம் 2014ஆம் ஆண்டு மழையில் இடிந்து விழுந்தது. பின்னர் பழைய தோற்றத்திலேயே அது மீண்டும் கட்டப்பட்டது. எல்லார் கண்ணிலும் படும் கடலோரத்தில் நின்றதால் அதன் இழப்பு உடனே உணரப்பட்டது. அதனை மீட்கப் பொருளும் கிடைத்தது. வாய்க்காலுக்கு மேற்கே உள்ள வீடுகளுக்கு அந்த நற்பேறு எளிதில் வாய்ப்பதில்லை. குடும்பம் பெருகிப் பங்கு பிரியும்போதும், பழுது பார்க்கும் செலவு கைக்கு எட்டாதபோதும், திண்ணையும் முற்றமும் இடிக்கப்பட்டு அடுக்குக் கட்டடங்கள் எழுகின்றன. இடித்தவரை மட்டும் குறைகூறுவதில் பயனில்லை. மரத்தூணைச் செப்பனிடும் தச்சரும், சுண்ணாம்புப் பூச்சு அறிந்த கொத்தனாரும் அருகி வருகின்றனர்; பழைய வீட்டைப் பேணுவது தனியொரு குடும்பத்தால் தாங்க இயலாத சுமையாகிவிடுகிறது. அரசும் மரபுக் காப்பு அமைப்புகளும் ஊராரும் அச்சுமையைப் பகிர்ந்துகொண்ட இடங்களில்தான் வீதிகள் தம் பழைய முகத்தோடு நிற்கின்றன.

ஆனந்தரங்கர் வீட்டைக் கட்டியபோது அது நகரத்தின் வரலாற்றுச் சின்னமாகும் என்று எண்ணியிருக்கமாட்டார். தம் குடும்பம் வாழக் கட்டினார். நாட்குறிப்பை எழுதியபோதோ, நிகழ்ந்தவை மறைந்துவிடாமல் இருக்கவேண்டும் என்று எண்ணியே எழுதினார். இரண்டும் பிழைத்ததற்கு, இடைப்பட்ட தலைமுறைகள் அவற்றை வீசியெறியாமல் வைத்திருந்ததே காரணம். நம் ஊர்களிலும் தாத்தா எழுதிய கணக்கேடுகளும், கடிதக் கட்டுகளும், முற்றத்துத் தூண்களும் இருக்கின்றன. அவற்றுள் எது நாளைய வரலாற்றுக்குச் சான்றாகும் என்பதை இன்று எவராலும் சொல்ல முடியாது. பரண்மேல் இருக்கும் பெட்டியைப் பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போடுமுன், ஒருமுறை திறந்து படித்துப் பார்ப்பது நம் அனைவராலும் இயலும்.